இரண்டாம் ஆள் விமானம் ஏறாததற்கு விளக்கம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு, மாமா எழுதிக்கொண்டது.

இங்கு நான் நலம், அங்கு உங்கள் நலமறிய ஆவல் என்று கை தானாக எழுதப் போனது. பிடித்து நிறுத்திவிட்டேன். நலம் என்று எழுதினால் பொய். நலமில்லை என்று எழுதினால் பாப்பா பயந்துவிடுவாள். ஆகவே ரத்த அழுத்தம் நலம், சர்க்கரை நலம், முழங்கால் பரவாயில்லை, மற்றவை பின்வருமாறு என்று தொடங்குகிறேன். நீங்களும் பாப்பாவும், பாப்பாவின் வயிற்றில் இருக்கிற சின்ன நபரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். அந்தச் சின்ன நபரிடமும் என் சார்பில் மன்னிப்புக் கேட்டு வைக்கவும். பிறப்பதற்கு முன்பே பேரக் குழந்தையை விமான நிலையத்தில் காக்க வைத்துவிட்டு வராமல் இருந்த தாத்தா, உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

பார்வையில் காண்பது, "ஏன் மாமா ஏறல?" என்று தாங்கள் அனுப்பிய ஒரு வரிச் செய்தி. தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவனுக்கு ஒரு வரிக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் எழுதத் தெரியாது என்பது தாங்கள் அறிந்ததே. போனில் சொல்லலாம் என்றால், நான் கூப்பிட்டால் பாப்பா எடுப்பதில்லை. நீங்கள் எடுத்தாலும், "உங்க பேரச் சொன்னாலே எந்திரிச்சு உள்ள போயிடுறா மாமா" என்று குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசுகிறீர்கள். நிறைமாத வயிற்றோடு விமான நிலையத்து அந்தக் கண்ணாடிக் கதவுக்கு எதிரே அவள் நின்றுகொண்டே இருந்தாள், கடைசித் தள்ளுவண்டி வெளியே வந்து துடைக்கிறவர் வாளியோடு வந்த பிறகும் நின்றாள், காரில் ஏறிய பிறகுதான் அழுதாள் என்று நீங்கள் சொன்னதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தாய் இல்லாமல் பிள்ளை பெறப் போகிறவளுக்குத் தகப்பனும் வரவில்லை என்றால் அவள் யாரிடம் போய்ச் சொல்லுவாள்? கோபித்துக்கொள்ள அவளுக்கு முழு உரிமை உண்டு. ஆனால் பிரசவ அறைக்குள் என் மேல் கோபத்தோடு அவள் போகக் கூடாது. அதற்காகத்தான் இந்த விளக்கம். படித்துவிட்டுப் பக்குவமாக அவளிடம் சொல்லுங்கள்.

மின்னஞ்சல் அனுப்பலாமே என்பீர்கள். அது வந்து சேர்ந்ததா என்று கேட்க அதற்குப் பின்னாலேயே ஒரு போன் பண்ண வேண்டியிருக்கிறது. அதனால் தபால். இதுவும் விமானத்தில்தான் வரும் என்று சிரிக்க வேண்டாம். கடிதத்துக்கு என்ன, பிள்ளையா குட்டியா, ஏறிவிடும். இருந்தாலும் உங்கள் அத்தை வகுத்துவிட்டுப் போன முறைப்படி இதன் இன்னொரு பிரதியையும் கைப்பட எழுதி, நாளைய தபாலில் தனியாக அனுப்புகிறேன். இரண்டும் வந்தால் ஒன்றைப் படித்தால் போதும்.

இனி விஷயம். இதற்கெல்லாம் பாதிக் காரணம் தாங்கள்தான் என்பதைத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன். மீதிப் பாதி உங்கள் அத்தை. அவளுடைய அம்மாவும் அப்பாவும் ஒரே காரில் போய் ஒரே வளைவில் திரும்பி வராமல் போனவர்கள். அப்போது அவள் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடத்தில் உட்கார்ந்திருந்தாள். அவர்கள் இரண்டு காரில் போயிருந்தால் யாராவது ஒருவர் தன்னைக் கூட்டிப்போக வந்திருப்பார்கள் என்பது அவளுடைய கணக்கு. அந்தக் கணக்கைத் தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பாப்பா பிறந்த நாளிலிருந்து நானும் அவளும் ஒன்றாக எந்த வண்டியிலும் ஏறியதில்லை. முதலில் ஒருவர் போக வேண்டும். போய் இறங்கியதும் போன் பண்ணி, "வந்துட்டேன், நீங்க கிளம்புங்க" என்று சொல்ல வேண்டும். அதற்கப்புறம்தான் இரண்டாம் ஆள் வாசல்படியைத் தாண்டலாம். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆயுசெல்லாம் காதில் கருவியை மாட்டிக்கொண்டு வேலை பார்த்தவள். மணி அடித்து, எடுத்து, குரலைக் கேட்டால்தான் அவளுக்கு ஒரு காரியம் நடந்ததாக அர்த்தம்.

ஒருமுறை என் சிநேகிதன் வீட்டுக் கல்யாணத்துக்குப் பக்கத்து ஊருக்குப் போனோம். போனோம் என்பது பேச்சுக்கு. அவள் காலைப் பேருந்தில் போய்விட்டாள். நான் பரிசுப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு பேருந்து நிலையத்து பெஞ்சில் காத்திருந்தேன். அங்கே போய் இறங்கியதும் அவள் போனில் சார்ஜ் இல்லை. கல்யாண வீட்டில் யாரிடமாவது கேட்டு வாங்கிப் பேசலாம் என்றால், என் நம்பர் அவளுக்கு மனப்பாடம் இல்லை. ஊர் நம்பரெல்லாம் மனப்பாடமாகச் சொன்னவளுக்குப் புருஷன் நம்பர் தெரியாது. அவள் கல்யாணம் பார்த்து, சாப்பிட்டு, மணமக்களோடு படமும் எடுத்துக்கொண்டு மாலையில் திரும்பி வந்து இறங்கியபோது நான் அதே பெஞ்சில் அதே பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்தேன். திட்டுவாள் என்று பார்த்தால், முகமெல்லாம் மலர்ந்து, "இதாங்க ஒழுங்கு. உங்கள நம்பி எங்க வேணா போலாம்" என்றாள். நாற்பது வருஷத்துக்கு மேல் குடித்தனம் நடத்தியதில் அவள் வாயிலிருந்து எனக்குக் கிடைத்த பெரிய பாராட்டு அதுதான். பரிசைத் தபாலில் அனுப்பினோம், இரண்டு பொட்டலமாக.

அதுவரைக்கும் வண்டியோடு நின்றிருந்த இந்த முறை வீட்டுக்குள் வந்தது உங்களால். கல்யாணம் ஆன புதிதில் எங்கள் வீட்டுக்கு விருந்துக்கு வந்தீர்கள். விமானத்தைப் பரிசோதித்துப் பறக்கலாம் என்று கையெழுத்துப் போடுகிற வேலையில் இருக்கிற மாப்பிள்ளை என்று உங்கள் அத்தைக்குப் பெருமை தாங்கவில்லை. "ஒண்ணு நின்னு போச்சுன்னா?" என்று அவள் கேட்கக் கேட்க நீங்களும் சளைக்காமல், இஞ்சின் இரண்டு அத்தை, விமானி இரண்டு அத்தை, கம்ப்யூட்டர் இரண்டுக்கு மேலேயே உண்டு அத்தை என்று அடுக்கிக்கொண்டே போனீர்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். "ரெண்டு பைலட்டும் ஒரே சாப்பாடு சாப்பிட மாட்டாங்க அத்தை. ஒருத்தருக்கு வயித்தக் கலக்கினாலும் இன்னொருத்தர் ஓட்டணும்ல" என்று ஒரு வார்த்தை சொன்னீர்கள் பாருங்கள், அன்றோடு முடிந்தது என் சாப்பாடு. மறுநாளிலிருந்து எங்கள் வீட்டில் இரண்டு சமையல். அவளுக்கு முட்டை என்றால் எனக்கு பீன்ஸ். எனக்கு முட்டை என்றால் அவளுக்கு பீன்ஸ். அவள் தட்டிலிருந்து நான் ஒரு வாய் எடுத்தால், "பைலட்டு கைய எடுங்க" என்பாள். எனக்கு பீன்ஸ் பிடிக்காது என்பது தங்களுக்குத் தெரியும். எத்தனை பீன்ஸ் சாப்பிட்டிருக்கிறேன் என்பது யாருக்கும் தெரியாது.

கடிகாரம் இரண்டாயிற்று, அவை ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. டார்ச் இரண்டாயிற்று, இரண்டிலும் பாட்டரி இல்லை. புகை வந்தால் கத்துகிற கருவி கூடத்தில் ஒன்று, சமையலறையில் ஒன்று. ஒருநாள் காய் நறுக்கிக்கொண்டே, "கண்ணு ரெண்டு, காது ரெண்டு, கிட்னி ரெண்டு. இதயம் மட்டும் ஒண்ண வச்சு அனுப்பியிருக்கான் பாருங்க. நம்ம மாப்பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். பாப்பாவிடமும் சொல்லிச் சிரித்தோம். இப்போது அந்த வாக்கியம் வீட்டுக்குள் சும்மா சுற்றிக்கொண்டிருக்கிறது, எந்த அறைக்குப் போனாலும் எதிரே வருகிறது.

லிஃப்டும் வண்டிதான் என்று அவள் தீர்ப்பு எழுதியதும் அதற்குப் பிறகுதான். மார்க்கெட்டிலிருந்து வந்தால் அவள் சின்னப் பையோடு முதலில் மேலே போவாள். நான் பெரிய பையோடு கீழே வாட்ச்மேன் நாற்காலிக்குப் பக்கத்தில் நிற்பேன். மேலே போய்க் கதவைத் திறந்ததும் போன் வரும். "வந்துட்டேன், நீங்க கிளம்புங்க." அப்புறம் நான் ஏறுவேன். வாட்ச்மேனுக்கு இது தினசரி வேடிக்கை. "என்ன சார், சிக்னல் விழுந்துடுச்சா?" என்று கேட்டுத் தொப்பியைத் தூக்கிக் கொடியசைப்பார்.

பிரசவத்துக்கு வருவதற்கும் அப்படித்தான் இரண்டு விமானத்தில் டிக்கெட் எடுக்கச் சொன்னோம். அவள் முதலில், நான் அடுத்ததில். நீங்கள் சிரிக்காமல் எடுத்துக் கொடுத்தீர்கள். அதற்காக உங்களை அவள் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினாள். அவள் கிளம்பச் சில வாரங்கள் இருக்கும்போதுதான் அது நடந்தது. உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் கோப்பு என்றால் வரிசையாக இருக்க வேண்டும். மார்க்கெட்டிலிருந்து வந்தோம். அவள் மேலே போனாள். போன் வரவில்லை. லிஃப்ட் நின்றுவிட்டது என்று வாட்ச்மேனிடம் சத்தம் போட்டேன். அவர் பொத்தானை அழுத்தினார். லிஃப்ட் சமர்த்தாக இறங்கி வந்து கதவைத் திறந்தது. உள்ளே விளக்கு எரிந்தது, விசிறி சுற்றியது, ஆள் இல்லை. இவ்வளவு நன்றாக வேலை செய்கிற இயந்திரத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. "நீங்க மேல போய்ப் பாருங்க சார்" என்றார் வாட்ச்மேன். "போன் வரலையேப்பா" என்றேன். அவர் என் கையிலிருந்து பையை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, என் தோளைப் பிடித்து லிஃப்டுக்குள் தள்ளி, தானும் ஏறினார். சாவி கதவிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அவள் கதவு நிலையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். போன் கையில் இருந்தது. என் பெயரை எடுத்து வைத்திருந்தாள், பச்சைப் பொத்தானை அழுத்தவில்லை.

நான் பக்கத்தில் இருந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டர் ஆறுதல் சொன்னார். ஒன்றும் செய்ய வேண்டாம் டாக்டர், பக்கத்தில் இருந்திருப்பேனே என்றேன். பாப்பா இந்த நிலையில் விமானம் ஏறக் கூடாது என்று அங்கே உள்ள டாக்டர் சொல்லிவிட்டதால், நீங்கள் மட்டும் வந்தீர்கள். அம்மாவின் முகத்தை அவள் போன் திரையில் பார்த்தாள். அவள் போதும் என்கிற வரைக்கும் நீங்கள் போனை இறக்காமல் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். நான் கவனித்தேன். அப்போது உங்களிடம் சொல்லத் தோன்றவில்லை, இப்போது சொல்கிறேன். நீங்கள் எனக்கு மாப்பிள்ளை இல்லை, பிள்ளை.

நீங்கள் திரும்பிப் போன பிறகு இந்த வீட்டில் நானும் இயந்திரங்களும்தான். ஒரு நாள் காலையில் புகைக் கருவி விட்டு விட்டுக் கீச்சிட ஆரம்பித்தது. பாட்டரி தீர்ந்தால் அப்படித்தான் கத்துமாம். கூடத்துக் கருவிக்குக் கீழே போய் நின்றால் சமையலறையில் கத்துவது மாதிரி இருக்கிறது. சமையலறையில் போய் நின்றால் கூடத்தில் கத்துகிறது. காதைத் தீட்டிக்கொண்டு இங்குமங்கும் ஓடினேன், ஸ்டூலில் ஏறினேன், இறங்கினேன், கத்துகிற கருவியைப் பார்த்து நானும் கத்தினேன். சத்தம் கேட்டு எதிர் வீட்டு டீச்சர் வந்துவிட்டார். "நீங்க அங்க நில்லுங்க சார், நான் இங்க நிக்கிறேன், எதுன்னு பாத்துடலாம்" என்றார். ஒரே நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டோம். எல்லாவற்றையும் இரண்டு இரண்டாக வாங்கி வைத்துவிட்டுப் போனவள், இரண்டு இருந்தால் எது கெட்டது என்று பார்க்க இரண்டு ஆள் வேண்டும் என்பதை யோசிக்கவில்லை. டீச்சர் முன்னால் அழக் கூடாது என்று பாட்டரி வாங்கப் போவதாகச் சொல்லிக் கீழே இறங்கிவிட்டேன். லிஃப்டில் தனியாக.

சரி, விமானத்துக்கு வருகிறேன். முதல் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு, இரண்டாவதை அப்படியே வைத்திருந்தீர்கள். கிளம்புகிற அன்று காஸை மூடினேன், மூடியதை டீச்சரைக் கூப்பிட்டுக் காட்டினேன். இஸ்திரிப் பெட்டியைப் பிடுங்கினேன், டிவியைப் பிடுங்கினேன், ஒரு வேகத்தில் ஃபிரிட்ஜையும் பிடுங்கிவிட்டேன், அதன் பலனைத் திரும்பி வந்து மூக்கால் அனுபவித்தேன். எதற்கும் இருக்கட்டும் என்று டாக்சியும் இரண்டு சொல்லியிருந்தேன். இரண்டும் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டன. உலகத்தில் எதை நம்பினாலும் டாக்சி நேரத்துக்கு வராது என்பதை நம்பியிருந்த எனக்கு அது பெரிய அடி. இரண்டு டிரைவரும் என்னை விட்டுவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக் கத்த, நான் ஒரு வண்டியில் பெட்டியையும் இன்னொரு வண்டியில் என்னையும் ஏற்றி சமாதானம் செய்து வைத்தேன். வழியெல்லாம் முன்னால் போகிற பெட்டி வண்டியை விட்டுவிடாதே என்று நான் இந்த டிரைவரை விரட்ட, "பெட்டிக்குள்ள என்ன சார், வைரமா?" என்றார். "ஸ்வெட்டர்ப்பா" என்றேன். சின்ன நபருக்கு உங்கள் அத்தை பின்னியது. இரண்டு. ஒன்று நனைந்தால் ஒன்று.

விமான நிலையத்தில் பெட்டியை வாங்கிக்கொண்ட பெண், "ஜன்னல் பக்கமா சார், நடைபாதை பக்கமா?" என்று கேட்டாள். "எது பத்திரம்மா?" என்றேன். "எல்லாம் ஒரே விமானம்தான் சார்" என்று சிரித்தாள். சோதனையில் பெல்ட்டைக் கழற்றச் சொன்னார்கள், கழற்றினேன். வயசான காலத்தில் பாண்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றதும் பாதுகாப்பு ஏற்பாடுகளில் ஒன்று என்று எடுத்துக்கொண்டேன். எல்லாம் ஒழுங்காக நடந்தது. எனக்குப் பயமே இல்லை. நீங்கள் அனுப்பிய புள்ளிவிவரங்களைப் பலமுறை படித்திருக்கிறேன். குளியலறையை விட, மாடிப்படியை விட, சாலையை விட விமானம் பத்திரம் என்று எழுதியிருந்தீர்கள். நம்புகிறேன். சொந்த வீட்டு வாசலை விடவும் பத்திரம் என்று நானே கீழே சேர்த்து எழுதி வைத்திருக்கிறேன்.

ஏறும் வாசலுக்கு எதிரே ஒரு நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் என்ன செய்தேன் என்றால், சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன். அவ்வளவுதான் மாப்பிள்ளை, நடந்தது அவ்வளவுதான். கைக்குழந்தைக்காரர்களைக் கூப்பிட்டார்கள், போனார்கள். பின் வரிசைக்காரர்களைக் கூப்பிட்டார்கள், போனார்கள். நான் என் பாட்டுக்கு உட்கார்ந்திருந்தேன். பொட்டலத்தோடு பேருந்து நிலையத்தில் உட்கார்ந்திருந்த அதே மாதிரி, மனசு அத்தனை நிம்மதியாக இருந்தது. அவள் முன்னால் போயிருக்கிறாள். போன் வரும். வந்ததும் கிளம்ப வேண்டியதுதான்.

பெட்டி வாங்கிய அதே பெண் கடைசியில் என்னிடம் வந்தாள். "சார், எல்லாரும் ஏறிட்டாங்க. உங்களுக்காகத்தான் நிக்கிறோம்." "ஒரு போன் வரணும்மா" என்றேன். "யார்கிட்டேருந்து சார்?" என்றாள். அப்போதுதான் எனக்கே தெரிந்தது. கையிலிருந்த போனைப் பார்த்தேன். அவள் என்ன புரிந்துகொண்டாளோ, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "ஏறி உக்காந்துட்டுப் பேசிக்கலாமே சார்" என்றாள். "ஏறினா போன அணைக்கச் சொல்லுவீங்களே" என்றேன். அவள் கையிலிருந்த கருவி கரகரவென்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. அதன் சத்தத்தைக் குறைத்து வைத்தாள். நல்ல பெண். அப்புறம் எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள்.

போன் வராது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். காரியம் எல்லாம் முன்னால் நின்று செய்தவன் நான். ஆனால் தெரிந்துகொள்வது ஒரு இலாகா, காலைத் தூக்கி வைப்பது இன்னொரு இலாகா. கோப்பு இங்கிருந்து அங்கே போகவில்லை. ஆள் ஏறாத பெட்டியை விமானத்தில் வைத்திருக்கக் கூடாது என்பது விதியாம், ஸ்வெட்டரையும் இறக்கிக் கொடுத்துவிட்டார்கள். உங்கள் அத்தைக்கு அந்த விதி ரொம்பப் பிடித்திருக்கும். பெட்டியை இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வாட்ச்மேன் பார்த்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

ஆகவே மாப்பிள்ளை, இன்னொரு டிக்கெட் எடுக்கிறேன் என்று நீங்கள் சொன்னது வேண்டாம். அடுத்த தடவையும் அந்த நாற்காலியில் இதையேதான் செய்வேன். பாப்பாவை இரண்டாவது முறை அந்தக் கண்ணாடிக் கதவுக்கு எதிரே நிற்க வைக்க எனக்குத் தெம்பில்லை. அப்பாவுக்கு விமானம் பயம் என்று சொல்லிவிடாதீர்கள், அம்மா செய்த பழக்கம் என்று சொல்லுங்கள், அவளுக்குப் புரியும். ஸ்வெட்டர்களைத் தனித்தனிப் பொட்டலமாக அனுப்பி வைக்கிறேன். நான் இங்கேயே இருந்துகொள்கிறேன். டீச்சர் தினமும் ஒரு தடவை எட்டிப் பார்க்கிறார். இயந்திரங்கள் எல்லாம் ஒழுங்காக வேலை செய்கின்றன.

நீங்கள் கையெழுத்துப் போடுகிற விமானங்கள் எல்லாம் போன இடத்தில் பத்திரமாக இறங்க வேண்டும். நீங்களும் பாப்பாவும் ஒரே தட்டில் சாப்பிட்டு, ஒரே காரில் போய், நூறு வயசு வரைக்கும் சண்டை போட்டுக்கொண்டு இருக்க வேண்டும். பாப்பாவின் தலையைத் தடவி, அப்பா கொடுத்ததாகச் சொல்லி ஒரு முத்தம் கொடுங்கள். சின்ன நபருக்கும் என் ஆசிகள், நேரம் பார்த்து நிதானமாக வரட்டும், அவசரம் ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
இரண்டாம் ஆள்

பின்குறிப்பு: மேலே கண்ட அனைத்தும் ரத்து.

உறையை ஒட்டப் பசையைத் தேடிக்கொண்டிருந்தபோது கூடத்தில் மணி அடித்தது. என் கைப்போன் இல்லை. உங்கள் அத்தை துணி போட்டு மூடி வைத்திருக்கிறாளே, அந்தப் பழைய வீட்டுப் போன். அவள் போனதிலிருந்து அது அடித்ததே இல்லை. எடுத்தேன். பேசியது பாப்பா. ரொம்பக் களைத்த குரல்.

"அப்பா, அன்னிக்கு ஏர்போர்ட்டுல போனக் கையில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தீங்களா?"

யார் சொன்னார்கள் என்று கேட்டேன்.

"யாரும் சொல்லல. எனக்குத் தெரியும்பா. நான் மட்டும் என்ன, அந்தக் கதவு தொறக்குறப்பல்லாம் அம்மா வராங்களான்னுதான் பாத்துட்டு இருந்தேன். நீங்க ரெண்டாவதுதான வருவீங்க. முதல்ல அவங்க வரணும்ல. அவங்களும் வரல, நீங்களும் வரல. அந்தக் கோபத்த யார்கிட்டப்பா காட்டுறது? உங்ககிட்டதான் காட்ட முடிஞ்சுது."

நான் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டேன். அந்தப் பக்கத்தில் ஏதோ ஒரு சின்னக் கீச்சுச் சத்தம் கேட்டது. பழக்க தோஷத்தில் பாட்டரி மாற்றச் சொல்ல வாயெடுத்தேன். பாப்பா சிரிப்பும் அழுகையுமாகச் சொன்னாள்.

"நாள் இருக்குன்னு சொன்னாங்க, இன்னிக்குக் காலையிலயே வந்துட்டா. பொண்ணுப்பா. முதல் ஆள் பத்திரமா வந்தாச்சு. நீங்க கிளம்புங்க."

மாப்பிள்ளை, அந்த வார்த்தையைக் கேட்டதும் என் கால் தானாகச் செருப்பைத் தேடியது. உறையையும் பசையையும் அப்படியே போட்டுவிட்டேன். பிறகு நீங்கள் போனை வாங்கி, நாளைக்கே டிக்கெட் இருக்கிறது என்றீர்கள். எந்த இருக்கை என்று கேட்டீர்கள், எல்லாம் ஒரே விமானம்தானே என்று சொல்லிவிட்டேன். டாக்சி ஒன்றுதான் சொல்லியிருக்கிறேன். இந்தக் கடிதத்தைத் தபாலில் போடாமல் நானே கொண்டு வருகிறேன், ஒரு பிரதி சட்டைப் பையில், ஒரு பிரதி பெட்டியில். உங்கள் கையில் கொடுத்துவிட்டுப் பேத்தியை வாங்கிக்கொள்வேன். நீங்கள் ஓரமாக உட்கார்ந்து படித்துக்கொள்ளலாம்.

வந்து இறங்கியதும் ஒரு நிமிஷம் மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள். நம் வீட்டுப் போனுக்கு ஒரு தடவை அடித்துவிட்டு வருகிறேன். எடுக்க ஆள் இல்லை என்று எனக்குத் தெரியும். சாவி வைத்திருக்கிற டீச்சரிடமும், சத்தம் கேட்டால் எடுக்க வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். மணி மட்டும் அடிக்கட்டும்.